செய்நிரல் பயில்வார்க்குச் சிறுபயிற்சிகள்

தமிழ் கற்பிக்கும் எம்மிடத்திலிருந்து கணினிச் செய்நிரல் பற்றிய கட்டுரையொன்று வருதல் கண்டு, இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் முறுவலித்தல் கூடும். புணர்ச்சி விதிக்கு அஞ்சி எம் வகுப்பின் கடைசி வாங்கில் ஒதுங்கியிருந்தாருள் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் செய்நிரல் எழுதி வாழ்வார் உளர். அத்துறையின் நுட்பங்களை அவர்க்கு யாம் எடுத்துரைத்தல் கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகும். எனினும், நாற்பது அகவையைக் கடந்த பின்னர் வகுப்பறை அலுவலின் பொருட்டுப் பைதன் என்னும் செய்நிரல் மொழியைச் சிறிது பயின்ற யாம், தொடக்கநிலை மாணாக்கன் எங்கெங்கே இடறுவான் என்பதை நன்கறிவோம். அவ்விடங்களில் யாமும் அண்மையிலேதான் இடறினோம். அவ்வறிவே இக்கட்டுரைக்கு முதலாவது.

கணினி விளங்கிக்கொள்ளும் கட்டளைகளை ஓர் ஒழுங்கில் நிரைத்து எழுதுவதே செய்நிரல் எனப்படும். கணினி நாம் சொல்லியதைச் செய்யும். சொல்ல எண்ணியதைச் செய்யாது. சொல்லியதற்கும் எண்ணியதற்கும் இடையே எத்துணைத் தொலைவு உண்டு என்பதை உணர்தலே இக்கல்வியின் முதற்பாடம். இவ்வுணர்வு நூலைப் படிப்பதனாலோ விரிவுரை கேட்பதனாலோ வருவதன்று. கேணியில் இறங்காது நீச்சல் பயின்றார் எவரும் இலர்.

இறங்கிய மாணாக்கருள்ளும் இருசாரார் கரையேறாது தவிக்கக் காண்கின்றோம். ஒருசாரார், தாம் விரும்பி ஆடும் கணினி விளையாட்டைப் போன்றதொன்றையோ, கல்லூரி முழுமைக்கும் உதவும் பெரிய முறைமையொன்றையோ முதன்முயற்சியாக மேற்கொள்வர். முதல் வாரம் ஊக்கம். இரண்டாம் வாரம் குழப்பம். மூன்றாம் வாரம் கைவிடுதல். கைவிட்டதனோடு அமையாது, ‘இஃது எனக்கு வராத கல்வி’ என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்வர். மற்றொருசாரார், பிறர் செய்து காட்டும் பாடங்களைத் திரையிலே நாடோறும் கண்டு, அவர் எழுதியதை அவ்வாறே பெயர்த்தெழுதி, தாமும் கற்றுவிட்டதாக எண்ணி மகிழ்வர். வெறுந்தாளை முன்னே வைத்து ஐந்து வரி எழுதுக என்றால் அவர் கை ஓடாது. இவ்விரு சாரார்க்கும் மருந்து ஒன்றே. அது சிறிய பயிற்சியைத் தாமே தொடங்கித் தாமே முடித்தல்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கும் எளிதிலிருந்து அரிதிற்கும் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் எமக்கு உணர்த்தப்பட்ட முறை. ஏடு தொடக்கும் நாளிலே குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கின்றோம். பின்னர்ச் சொல், அதன் பின்னர்ச் சிறுவாக்கியம், அதன் பின்னரே கட்டுரை. ஏடு தொடக்கிய மறுநாளிற் காப்பியம் பாடுக என்று எவரும் கேட்பதில்லை. செய்நிரற் கல்விக்கும் இப்படிமுறை வேண்டும்.

நல்ல சிறுபயிற்சியின் இலக்கணம் யாதோ எனின், எம் அனுபவத்திற் கண்டன நான்கு. ஓரிரு அமர்விலே முடிக்கக்கூடியதாதல் ஒன்று. அதன் விடையைக் கையாற் கணித்துச் சரிபார்க்கக்கூடியதாதல் இரண்டு. ஒருவர்க்கேனும் மெய்யாகப் பயன்படுவதாதல் மூன்று. முடித்தபின் ஒருபடி வளர்த்தற்கு இடந்தருவதாதல் நான்கு. இவற்றுள் இரண்டாவதே தலையாயது. விடை சரியோ பிழையோ என்று தானே தீர்மானிக்க இயலாத மாணாக்கன் கணினியை நம்பவேண்டியவனாகின்றான். கணினியோ அவனை நம்பியிருக்கின்றது.

இனிச் சில பயிற்சிகளை எடுத்துக் காண்பாம்.

உலகெங்கும் வழங்கும் முதற்பயிற்சி, திரையில் ஒரு வாழ்த்தை எழுதுவித்தல். பிரயன் கேர்ணிகனும் டெனிஸ் றிச்சியும் ‘சி’ என்னும் செய்நிரல் மொழி பற்றி 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உலகுக்கு வணக்கம் கூறும் சிறுநிரலையே முதற்பயிற்சியாக வைத்தனர். அன்றுதொட்டு அதுவே மரபாயிற்று. வாழ்த்தெழுதுவதில் என்ன கல்வி உண்டு என்று கேட்கலாம். நிரலை எழுதும் கருவி, அதனைச் சேமிக்கும் இடம், இயக்கும் முறை, விடை தோன்றும் திரை என்னும் யாவும் ஒழுங்காக உள்ளன என்பதை அச்சிறுநிரல் மெய்ப்பிக்கின்றது. மாணாக்கன் ‘வணக்கம்’ என்று தமிழிலேயே எழுதுவிக்கலாம். திரையிற் றன் மொழி தோன்றக் காண்பவன் முகத்திலே பிறக்கும் ஒளியை யாம் பன்முறை கண்டுள்ளோம்.

அடுத்தது, எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கணினி 1 முதல் 100 வரையுள்ள ஓரெண்ணை மனத்துட் கொள்ளும். மாணாக்கன் ஓரெண்ணைச் சொல்ல, ‘கூடியது’ என்றோ ‘குறைந்தது’ என்றோ அது விடையிறுக்கும். இருபது வரிகளில் அடங்கும் இந்நிரல், ஓரெண்ணைப் பெயரிட்டுச் சேமித்தல், இரண்டை ஒப்பிடுதல், விடை காணுமட்டும் மீண்டும் மீண்டும் செய்தல் என்னும் மூன்று அடிப்படைகளையும் ஒருங்கே பயிற்றுகின்றது. முடித்தபின் வளர்த்தற்கும் இடமுண்டு. மாணாக்கன் எண்ணைக் கொள்ளக் கணினி கண்டுபிடிக்கட்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சியவற்றின் நடுவெண்ணைக் கேட்பின், 100 எண்களுள் எதுவாயினும் ஏழு வினாவுக்குள் அகப்படும். 1,000 எண்களாயின் பத்து வினாப் போதும். அகராதியிற் சொற்றேடுவார் முதற்றாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டாது நடுவே திறந்து முன்னோ பின்னோ செல்வதும் இவ்வழியே. தான் நெடுங்காலம் கையாண்ட வழக்கத்துக்குள் ஒரு கணித உண்மை ஒளிந்திருந்தமையை மாணாக்கன் அப்போது காண்பான்.

மூன்றாவது, ஓராண்டு நெட்டாண்டோ அன்றோ என்று கூறும் நிரல். நான்கால் வகுபடும் ஆண்டு நெட்டாண்டு என்று மட்டும் எழுதி, 2023, 2024 என்னும் ஆண்டுகளைக் கொடுத்துப் பார்த்து, சரியென்று எழுந்துபோவான் மாணாக்கன். 1582 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கிரகரி நாட்காட்டியின் விதி அம்மட்டோடு நிற்பதன்று. 100 ஆல் வகுபடும் ஆண்டு நெட்டாண்டன்று. அவற்றுள்ளும் 400 ஆல் வகுபடுவது நெட்டாண்டேயாம். ஆதலின் 2000 நெட்டாண்டு, 1900 நெட்டாண்டன்று. இது சிறுவர் மட்டும் இடறும் இடமெனக் கருதற்க. லோட்டஸ் 1-2-3 என்னும் பெயர்பெற்ற கணக்குத்தாள் மென்பொருள் 1900 ஐ நெட்டாண்டாகவே கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போதற்பொருட்டு எக்செல் மென்பொருளும் அவ்வழுவை அறிந்தே ஏற்றுக்கொண்டது. கிரகரி நாட்காட்டியில் இல்லாத 1900 பெப்ரவரி 29 என்னும் நாள் எக்செல்லின் கணக்கிலே இன்றும் உள்ளது. எளிய இடத்திற் சரிபார்த்து மகிழாது, விதியின் விளிம்பிலே நின்று சரிபார்த்தல் வேண்டும் என்பதே இப்பயிற்சியின் பயன்.

இவ்வுண்மையைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் யாமே அதனை மறந்து ஒருமுறை தலைகுனிந்தோம். அதனை மறைப்பது முறையன்று. தவணைப் பரீட்சைப் புள்ளிகளைத் தொகுத்துத் தரமிடுதற்குச் சிறுநிரலொன்றை எழுதினோம். 75 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றார்க்கு ‘ஏ’ தரம் என்பது யாவரும் அறிந்தது. இரவு நெடுநேரம் இருந்து எழுதிய நிரல் கணப்பொழுதில் வகுப்பு முழுவதற்கும் தரமிட்டது கண்டு பெருமிதங் கொண்டோம். தேர்ச்சி அறிக்கைகளும் வழங்கப்பட்டன. மறுநாட் காலை ஆசிரியர் அறை வாயிலில் ஒரு மாணவன் வந்து நின்றான். அறிக்கையை நீட்டி, “சேர், எழுபத்தைந்துக்கு ‘ஏ’ இல்லையா?” என்று மெல்லக் கேட்டான். அவன் முந்திய தவணைகளிற் றமிழிலே அறுபதைத் தாண்டாதவன், முயன்று ஏறியவன். வீட்டில் அறிக்கையைக் காட்டினானா என்று வினவினோம். இன்னும் காட்டவில்லை என்றான்.

நிரலைத் திறந்து பார்த்தோம். ‘75 அல்லது அதனிற் கூடியது’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘75 இனும் கூடியது’ என்று எழுதியிருந்தோம். குறையாயிருந்தது சமன் குறியொன்று மட்டுமே. கணினி பிழை செய்யவில்லை. யாம் சொல்லியதை அணுவளவும் பிறழாது செய்திருந்தது. அறிக்கையைத் திருத்தி ஒப்பமிட்டு அவன் கையிற் கொடுத்தோம். பிழை எம்முடையதென்று வகுப்பிலும் அறிவித்தோம். அன்று மாலை அந்நிரலை மீளவும் ஆராய்ந்தபோது மற்றுமொரு வழு வெளிப்பட்டது. பரீட்சைக்கு வராதவனின் வெற்றிடத்தைச் சுழியமாகக் கொண்டு வகுப்பின் சராசரியைக் கணித்திருந்தது. 60, 70, 80 எனப் புள்ளிபெற்ற மூவரின் சராசரி 70. வராத ஒருவனைச் சுழியமென்று சேர்த்து நால்வராக்கின் அது 52.5 ஆகும். வராமை வேறு, ஒன்றும் பெறாமை வேறு. இவ்வேறுபாட்டை ஆசிரியன் அறிவான். அறிந்ததைச் சொல்லாதொழியின் கணினி அறியாது.

ஆதலின் புள்ளிப்பட்டியல் நிரலை எம் மாணாக்கர்க்கு இப்போது நான்காம் பயிற்சியாகக் கொடுக்கின்றோம். கொடுக்கும்போது, 74, 75, 76, 0, 100, வராதவன் என்னும் ஆறு நிலைக்கும் விடையை முதலிற் றாளில் எழுதுக, பின்னரே நிரலை எழுதுக என்று பணிக்கின்றோம். சிறுநிரலிற் பிழைத்துக் கற்றவன், ஒரு நாள் ஊரார் பணத்தையோ நோயாளர் மருந்தையோ கணிக்கும் பெருநிரலிலே பிழையாது காப்பான்.

ஐந்தாவது பயிற்சி எம் துறையைச் சார்ந்தது. தமிழ்ச் சொல்லொன்றில் எத்தனை எழுத்து உண்டென்று எண்ணும் நிரல் அது. பைதன் மொழியில் ‘லென்’ என்னும் கட்டளை ஒரு சொல்லின் நீளத்தைக் கூறும். ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்துக் கேட்டோம், ஐந்து என்றது. ஆண்டு ஒன்றிற் பயிலும் பிள்ளையும் மூன்று என்னுமே! காரணம் யாதெனின், யூனிக்கோட்டு முறையில் உயிர்மெய்யெழுத்து ஓரெண்ணாற் குறிக்கப்படுவதன்று. அகரமேறிய மெய்க்கு ஓரெண், அதன்மேல் வரும் உயிர்க்குறிக்கு ஓரெண், புள்ளிக்கு ஓரெண் எனத் தனித்தனியே வைத்துள்ளனர். ‘த’ ஒன்று; ‘ம’வும் இகரக்குறியும் இரண்டு; ‘ழ’வும் புள்ளியும் இரண்டு; ஆக ஐந்து. உயிர்க்குறி பதினொன்றையும் புள்ளியையும் எண்ணாது விடுக என்று ஒரு விதி எழுதின் விடை மூன்றாகும். ‘கொக்கு’ என்பதற்கும் மூன்றே வரும்.

இனி ‘ஔவை’ என்று கொடுத்துப் பார்க்க. இரண்டு வரவேண்டும். மூன்று வருமாயின், தட்டெழுதியவர் ஔகாரத்தை இடாது ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டுள்ளார் என்பது தெளிவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், கணினிக்குத் தோன்றா. எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்க எழுதாத நிரல் எழுத்துப்பிழையைக் காட்டிக் கொடுக்கின்றது.

இதனை ஒருபடி வளர்ப்பின் மாத்திரை கணிக்கும் நிரலாகும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் ஆய்தத்துக்கும் அரை என்பன விதி. ‘தமிழ்’ இரண்டரை மாத்திரை என்று விடை வரும். ‘நாடு’ என்று கொடுப்பின் மூன்று என்னும். இலக்கணம் பயின்ற மாணாக்கன் உடனே மறுப்பான். ஈற்றிலுள்ளது குற்றியலுகரமாதலின் அதற்கு அரை மாத்திரையே, ஆகவே இரண்டரை என்பான். அவ்வாறாயின் ஈற்றிலே வல்லின உகரம் வந்தால் அரை என்று நிரலைத் திருத்துவோம். இப்போது ‘பசு’ ஒன்றரையாகிவிடும்! தனிக்குறிலை அடுத்து வந்தமையால் அது முற்றியலுகரம்; இரண்டே சரி. ஆதலின், சொல் ஈரெழுத்தாய் முதலெழுத்துக் குறிலாயின் குறுகாது என்னும் விலக்கையும் எழுதவேண்டும். ‘அது’, ‘அஃது’, ‘கொக்கு’, ‘கதவு’ என்னும் சொற்களைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். ஐகாரக்குறுக்கம் முதலியன அடுத்த படிகள்.

குற்றியலுகரத்தைப் பரீட்சைக்கு மனனஞ் செய்து பரீட்சை முடிந்ததும் மறப்பதே மாணாக்கர் வழக்கம். அதனைக் கணினிக்கு விளங்கச் சொல்லவேண்டி நின்றவன் மறக்கமாட்டான். விதி, விலக்கு, விலக்குக்கு விலக்கு என்னும் ஒழுங்கிலே நூல் செய்த நம் இலக்கண ஆசிரியர் எத்துணை நுட்பமாகச் சிந்தித்தனர் என்பதும் அவனுக்கு அப்போதே புலனாகும். நிரலிலுள்ள பிழையை ‘வழு’ என்று நம் பாடநூல்கள் வழங்குவது எமக்கு மிக்க உவகை தருகின்றது. வழுவும் வழாநிலையும் தமிழ் மாணாக்கனுக்குப் புதியனவல்ல.

ஆறாவது, வகுப்பு இடாப்பிலுள்ள பெயர்களை அகரவரிசைப்படுத்தும் நிரல். கணினி தானே வரிசைப்படுத்தும் என்று நம்பிக் கொடுத்தால் ‘கழல்’ முன்னும் ‘கவிதை’ பின்னும் நிற்கும். அகராதியிலோ வகரத்தின் பின்னரே ழகரம் வரும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த ஒழுங்கைத் தழுவி யூனிக்கோட்டில் எண் கொடுத்தமையால், நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், ளகரத்தை அடுத்து ழகரமும், அதன்பின் வகரமும் அமைந்துள்ளன. நம் நெடுங்கணக்கின் ஒழுங்கைக் கணினிக்குக் கற்பிக்க வேண்டியவன் மாணாக்கனே. இடாப்பு எழுதும் ஆசிரியர்க்கு இதனாற் பயனும் உண்டு.

பயிலும் முறை பற்றிச் சில கூறுவாம். முதலிற் றாளில் எழுதுக. பின்னர்க் கணினியிடம் செல்க. இயக்குமுன் விடை இதுவென்று ஊகித்துக் குறித்துக்கொள்க. தாம் செய்த வழுக்களை அப்பியாசக் கொப்பியொன்றிலே நாட்குறிப்புப்போல் எழுதி வருக; ஒரே வழு மூன்று முறை வரக் காணின் அதுவே தமக்குரிய பாடமென அறிக. முடித்த நிரலை ஒரு வாரத்தின்பின் பாராது மீளவும் எழுதுக. இறுதியாக, அதனை இளைய மாணாக்கன் ஒருவனுக்கு விளக்கிச் சொல்லுக. விளக்க முடியாத வரி விளங்காத வரியாகும்.

இங்கே ஒரு வினா எழுதல் இயல்பு. 2022 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்டவுடன் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் யாவர் கையிலும் வந்துள்ளன. மேலே கூறிய ஆறு நிரல்களையும் அவை நொடியில் எழுதித்தர வல்லன. ஆயின் இப்பயிற்சி ஏன்? ஆண்டு ஐந்து மாணவனிடம் பசுவைப் பற்றிக் கட்டுரை எழுதுக என்று கேட்பது, பசுவைப் பற்றி எமக்குத் தெரியாமையாலன்று. பயிற்சியின் பயன் எழுதப்பட்ட தாளில் இல்லை. எழுதிய பிள்ளையிடத்தில் உள்ளது. மேலும், ‘பசு’ இரண்டு மாத்திரை என்று அறியாதவன், கருவி ஒன்றரை என்று சொன்னால் ஒன்றரை என்றே எழுதிக்கொண்டு போவான். கருவியைக் கொள்ளுக, கொள்ளுமுன் அதனோடு வழக்காடத்தக்க அறிவைத் தேடிக்கொள்ளுக.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்குக் கணினிகள் வழங்க விரும்புவார் பலர் உளர். அவர் கொடை போற்றற்குரியது. அதனோடு, தம் தொழிலில் எதிர்ப்பட்ட சிறு சிக்கலொன்றை ஒரு தாளில் அடங்கும் பயிற்சியாக்கி எமக்கு எழுதியனுப்புதல் அதனினும் சிறந்த கொடையாகும். மாணாக்கன் எழுதியனுப்பும் நிரலை மாதம் ஒருமுறை படித்து, ‘இந்த இடத்தை மறந்தாய்’ என்று ஒருவரி எழுதுதல் இன்னும் சிறந்தது. எம்மைத் திருத்தியதும் வாயிலில் நின்று மெல்லக் கேட்ட ஒரு சிறுவனின் ஒருவரி வினாவேயன்றோ!

சிறியதைச் செவ்வனே முடிக்கக் கற்றவனிடமே பெரியது வந்து சேரும். இவ்விழாக் காணும் எம் கல்லூரியும் ஓலைக்கொட்டிலிற் சில பிள்ளைகளோடு தொடங்கி, ஒவ்வொரு வகுப்பாக வளர்ந்து இந்நிலை எய்தியதே. அதன் நிழலிற் பயிலும் மாணாக்கர் சிறுபயிற்சியை இகழாது, தொடங்கியதை முடித்து, வழுவைக் கண்டு நாணாது திருத்தி, மேன்மேலும் ஓங்குக. கல்லூரி அன்னை நீடு வாழ்க.